போலீஸ் எடுத்துப்போன வீடியோ குற்றப்பத்திரிகையில் இல்லை: அதைக் கேட்டுப் பெற முடியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 2025இல் ஊர்த் திருவிழாவில் நடந்த அடிதடியில் உங்கள் தம்பியை மூன்றாவது எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, சேர்த்திருக்கிறார்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகி சம்மன் வந்துவிட்டது. போலீஸ் சேகரித்த ஆதாரம் முழுவதையும் விசாரணைக்கு முன்னால் உங்களுக்குக் காட்டியாக வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: முக்குக் கடையின் சி.சி.டி.வி. பெட்டியைப் போலீஸ் கழற்றிக்கொண்டு போனதைப் பலர் பார்த்தார்கள், இப்போது அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை என்று. உங்கள் கேள்வியின் மையம் அந்த வரிதான். அரசு தரப்பு உங்கள் தம்பிக்கு எதிராகப் பயன்படுத்தப்போகும் எல்லாவற்றையும் தந்தாக வேண்டும். இதில் சந்தேகம் கிடையாது. எடுத்து வைத்துக்கொண்டு, பயன்படுத்தாமல் ஒதுக்கியதையும் தர வேண்டுமா என்பதில்தான் சிக்கல்.

நான் மாவட்ட நீதிமன்றங்களில் பெரும்பாலும் எதிரி தரப்புக்கு ஆஜராகும் வக்கீல். வழக்குக் கட்டு என் கையில் இல்லை, அதனால் தம்பி வழக்கு ஜெயிக்குமா என்று சொல்ல மாட்டேன். நடைமுறையைச் சொல்கிறேன்.

சம்பவம் 1-7-2024க்குப் பிறகு நடந்தது, வழக்கும் அதற்குப் பிறகு பதிவானது. எனவே பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா பொருந்தும். வக்கீல்கள் பழக்கத்தில் இன்னும் '207 காப்பி' என்றுதான் சொல்வார்கள். புதிய சட்டத்தில் அது 230ஆவது பிரிவு. போலீஸ் அறிக்கை, எஃப்.ஐ.ஆர்., அரசு தரப்பு விசாரிக்கப்போகும் சாட்சிகள் ஒவ்வொருவரும் போலீஸிடம் சொன்ன வாக்குமூலம், மாஜிஸ்திரேட் முன் யாராவது வாக்குமூலமோ ஒப்புதலோ கொடுத்திருந்தால் அது, அப்புறம் குற்றப்பத்திரிகையோடு கோர்ட்டுக்கு அனுப்பிய மற்ற ஆவணங்கள், இவ்வளவும் இலவசமாகக் கொடுக்கப்பட வேண்டும். எதிரி ஆஜரான நாளிலிருந்து 14 நாளைத் தாண்டக் கூடாது என்று புதிய சட்டம் கெடு வைத்திருக்கிறது. பழைய சட்டத்தில் 'தாமதமின்றி' என்று மட்டும் இருந்தது. பாதிக்கப்பட்டவர் வக்கீல் வைத்திருந்தால் அவருக்கும் ஒரு செட் உண்டு. பென்டிரைவிலோ மின்னஞ்சலிலோ கொடுத்தாலும் கொடுத்ததாகவே கணக்கு. ஆவணம் மலைபோல இருந்தால் நகலுக்குப் பதில் கோர்ட்டில் உட்கார்ந்து பார்வையிடச் சொல்லலாம். உங்கள் வழக்கில் அந்த அளவுக்குக் காகிதம் இருக்காது.

சட்டம் இப்படிச் சொன்னாலும் நடப்பது என்னவென்றால், வாய்தா அன்று பெயரைக் கூப்பிடுவார்கள், ஒரு கட்டைக் கையில் கொடுப்பார்கள், 'நகல் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்குவார்கள். தம்பி கையெழுத்துப் போடும் முன் வக்கீல் அந்தக் கட்டைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சாட்சிப் பட்டியலில் பதினான்கு பேர் இருந்து வாக்குமூலம் பதினொன்றுதான் இருந்தால், அல்லது போட்டோக்கள் கருப்பு மை அப்பியது மாதிரி இருந்தால், விடுபட்டதைக் குறித்து அன்றே ஒரு மெமோ போட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது என்று இல்லை. ஆனால் 'வாங்கியதாகக் கையெழுத்து இருக்கிறதே' என்ற பதிலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கட்டை வாங்கியதும் எல்லோரும் குற்றப்பத்திரிகையின் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டுப் பதறுவார்கள். நான் அதைக் கடைசியில்தான் படிப்பேன். முதலில் பார்ப்பது அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், பேச்சு வழக்கில் ஏ.ஆர். காப்பி. அடிபட்டவர் போலீஸுக்குப் போகும் முன்பே டாக்டரிடம் என்ன சொன்னார் என்பது அதில் இரண்டு வரியில் இருக்கும். 'தெரிந்த இரண்டு நபர்கள் கட்டையால் தாக்கியதாக' என்று டாக்டர் எழுதியிருக்க, சில மணி நேரம் கழித்துப் பதிவான எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர், அரிவாள், இரும்புக் கம்பி என்று கதை வளர்ந்திருந்தால், மூன்றாவது எதிரிக்கு அந்த இரண்டு வரி பெரிய ஆயுதம். அடுத்தது தேதிகள். எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்குப் பதிவானது, எத்தனை மணிக்கு மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சேர்ந்தது, அவருடைய சுருக்கொப்பத்தின் கீழ் என்ன நேரம் இருக்கிறது என்று பாருங்கள். சாட்சி வாக்குமூலங்கள் சம்பவத்துக்கு மறுநாள் எழுதியதாகத் தேதி போட்டிருக்கும். கோர்ட் முத்திரை மூன்று மாதம் கழித்து விழுந்திருக்கும். தமிழ்நாட்டில் பல வழக்குகள் இந்த இடைவெளியில் ஆட்டம் கண்டிருக்கின்றன. தாமதம் என்பதால் மட்டும் வழக்கு விழாது. இடைப்பட்ட நாட்களில் பெயர்கள் சேர்க்கப்பட்டன என்று காட்ட வேறு அடையாளமும் வேண்டும்.

போலீஸிடம் சொன்ன வாக்குமூலத்துக்குத் தனி மதிப்பு கிடையாது. அதைச் சாட்சியமாக அரசு தரப்பு பயன்படுத்த முடியாது. சாட்சி கூண்டில் ஏறி வேறு மாதிரிச் சொன்னால் 'அன்று இப்படிச் சொல்லவில்லையே' என்று முரண் காட்டத்தான் அது உதவும். முக்கியமான ஒன்றை அன்று சொல்லாமல் விட்டு இன்று புதிதாகச் சொன்னாலும் அது முரண் ஆகலாம் என்பது 1959இன் தஹ்சில்தார் சிங் வழக்கிலிருந்து வரும் சட்டம். நகல்களை முன்கூட்டியே கொடுப்பதன் பெரிய பயன் குறுக்கு விசாரணையில்தான் தெரியும். உங்கள் தம்பியின் பெயர் எந்தெந்த வாக்குமூலத்தில் வருகிறது, அவர் கையில் என்ன இருந்ததாக ஒவ்வொருவரும் சொல்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பத்துப் பேர் சொன்னதும் ஒரே வார்த்தையில், ஒரே வரிசையில் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒரே ஏட்டையா எழுதியிருப்பார்.

கெடுக்கள் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த சட்டம்) 118(1), அதாவது ஆயுதத்தால் காயப்படுத்துவது, மாதிரியான பிரிவு இருந்தால் இது வாரன்ட் வழக்காக, அதாவது இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கான முறையில், நடக்கும். விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்கும் விடுவிப்பு மனு போட விரும்பினால் நகல் கொடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் போட வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 262ஆவது பிரிவு. அதேபோல அரசு தரப்பு ஆவணங்களின் உண்மைத்தன்மையை ஒப்புக்கொள்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று 30 நாளுக்குள் சொல்லச் சொல்கிறது 330ஆவது பிரிவு. காரணம் பதிவு செய்து கோர்ட் இதைத் தளர்த்தலாம். எது கேட்டாலும் தலையாட்டி ஏ.ஆர். காப்பி முதல் மகஜர் (சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் குறிப்பு) வரை ஒப்புக்கொண்டுவிட்டால், அவற்றை எழுதியவர்களைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கும் வாய்ப்பு சுருங்கிவிடும். 109, அதாவது கொலை முயற்சி, சேர்ந்திருந்தால் மாஜிஸ்திரேட் நகலைக் கொடுத்துவிட்டு வழக்கை செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார். அங்கே 60 நாள் கணக்கு அப்படி அனுப்பிய நாளிலிருந்து.

எதெல்லாம் கிடைக்காது? கேஸ் டைரி கிடைக்காது. விசாரணை அதிகாரி அன்றாடம் எழுதும் அந்தக் குறிப்பைக் கோர்ட் வரவழைத்துப் பார்க்கலாம். எதிரி கேட்டுப் பெற முடியாது. அதிகாரி கூண்டில் நின்று நினைவுக்காக அதைப் புரட்டினாலோ, அவரை மறுக்க நீதிபதி அதைப் பயன்படுத்தினாலோ, அந்தப் பகுதியை மட்டும் நீங்கள் பார்க்கலாம். சாட்சி வாக்குமூலத்தில் ஒரு பகுதியை வெளியிடுவது பொது நலனுக்கு உகந்ததில்லை என்று போலீஸ் குறிப்பு வைத்தால் அதையும் தற்காலிகமாக மறைக்கலாம், ஆனால் கடைசி முடிவு மாஜிஸ்திரேட்டுடையது. அடிதடி வழக்கில் இது அநேகமாக வராது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'ஒரு பக்கம் தெளிவாக இல்லை என்பதற்காக ஹைகோர்ட் ஆளையே விட்டுவிட்டதாமே' என்று என்னிடம் கேட்காத கட்சிக்காரர் குறைவு. அது குண்டாஸ் வழக்கு. தடுப்புக்காவல் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் ஆளை உள்ளே வைக்கிறார்கள். அதனால் அரசியல் சாசனத்தின் 22(5) கீழ் கொடுக்க வேண்டிய, காவலுக்கான காரணங்களும் ஆவணங்களும் அடங்கிய புக்லெட்டில் ஒரு முக்கியமான பக்கம் படிக்க முடியாமல் இருந்தாலோ, தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் இருந்தாலோ, காவல் உத்தரவை ரத்து செய்துவிடுவார்கள். சாதாரணக் குற்ற வழக்கில் அந்தக் கதை எடுபடாது. நகல் தராததால் உங்கள் வாதம் எப்படிப் பாதிக்கப்பட்டது என்று காட்ட வேண்டும், அப்போதுதான் பலன். 1957இல் நாராயண ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன இந்த நிலை இன்றும் மாறவில்லை. குற்றப்பத்திரிகைக்குப் பிறகு அரசு தரப்பு கூடுதல் ஆவணம் கொண்டுவருவதையும் முழுசாகத் தடுக்க முடியாது, 2002இல் ஆர்.எஸ். பை வழக்கில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். தடயவியல் அறிக்கை தாமதமாக வந்து சேர்வது சகஜம். வந்தால் அதன் நகலும் உங்களுக்கு வேண்டும், படிக்க அவகாசமும் வேண்டும் என்று கேட்கலாம்.

இப்போது அந்த வீடியோ. அமெரிக்கத் தொடர்களில் அரசு வக்கீல் சாதகமான ஆதாரத்தை மறைத்துவிட்டால் வழக்கே கவிழ்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 1963இன் பிரேடி வழக்கிலிருந்து வரும் விதி அது. நம் சட்டப் புத்தகத்தில் அவ்வளவு பளிச்சென்று எழுதிய பிரிவு இல்லை. 230ஆவது பிரிவு, கோர்ட்டுக்கு அனுப்பியதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. போலீஸ் ஸ்டேஷன் அலமாரியில் இருப்பதைப் பற்றி அது மௌனம். அந்த இடைவெளியைத் தீர்ப்புகள்தான் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவருகின்றன. 2010இல் மனு சர்மா வழக்கில், வெளிப்படுத்தும் கடமை பிரிவின் பட்டியலோடு நின்றுவிடாது, நியாயமான விசாரணைக்காக அதைத் தாண்டியும் போகலாம் என்ற கருத்து வந்தது, வரம்புகளோடு. 2012இல் நமக்கெல்லாம் தெரிந்த சொத்துக் குவிப்பு வழக்கு பெங்களூரு தனி நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது, வி.கே. சசிகலாவின் மனுவில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. போலீஸ் கோர்ட்டுக்கு அனுப்பி, ஆனால் அரசு தரப்பு சான்றாவணமாகக் குறியீடு செய்யாமல் விட்ட ஆவணங்களையும் எதிரி பார்வையிடலாம் என்றது. சாட்சி விசாரணை முடிந்து எதிரியிடம் கேள்வி கேட்கும் கட்டத்தில் வந்த மனு அது. தாமதத்தைக் காரணம் காட்டி மறுக்கவில்லை.

உங்களுக்கு நேரடியாக உதவுவது 2021 ஏப்ரலில் வந்த உத்தரவு. குற்ற விசாரணைகளில் உள்ள குறைகளைத் தானாக எடுத்து விசாரித்த உச்ச நீதிமன்றம், மாதிரி நடைமுறை விதிகளை ஒப்புதல் செய்து உயர் நீதிமன்றங்களுக்கு அனுப்பியது. அதன் 4ஆவது விதி, விசாரணை அதிகாரி கைப்பற்றி, ஆனால் சார்ந்திருக்காத வாக்குமூலம், ஆவணம், பொருள் ஆகியவற்றையும் பட்டியலில் காட்டச் சொல்கிறது. கவனியுங்கள், பட்டியல்தான், பொருளையே தூக்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும் என்பது அதன் தர்க்கம். 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் இதை மறுபடியும் வலியுறுத்தினார்கள். 2025 மே மாதம் சர்ளா குப்தா வழக்கில், அமலாக்கத் துறையும் தான் சாராத ஆவணங்களின் பட்டியலை எதிரிக்குத் தர வேண்டும் என்றார்கள். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: சென்னைக் கொலை வழக்கு ஒன்றில், தூக்குத் தண்டனைக்குப் பிறகு உயர் நீதிமன்றத்தில் மேல்விசாரணை நடக்கும்போது இந்தப் பட்டியலைக் கேட்டார்கள், 2022 நவம்பரில், பொன்னுசாமி வழக்கில், உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆக, தொடக்கத்திலேயே கேட்பவருக்குப் பிடி இருக்கிறது. கடைசியில் கேட்பவருக்கு இறங்குமுகம். கீழ்க் கோர்ட்டுகளில் இந்தப் பட்டியலைப் போலீஸ் தானாகக் கொண்டுவந்து கொடுப்பது அபூர்வம். மனு போட்டால்தான் ஏ.பி.பி., அதாவது உதவி அரசு வக்கீல், ஸ்டேஷனுக்கு எழுதுவார்.

அந்த மனுவை இப்படி அமைக்கச் சொல்வேன். முதலில், சாராத பொருள்களின் பட்டியல் கேட்டு ஒரு மனு, நகல் வாங்கிய கையோடு. கூடவே, ஆவணத்தையோ பொருளையோ வரவழைக்கும் 94ஆவது பிரிவின் கீழ், குறிப்பிட்ட கடையின், குறிப்பிட்ட தேதி, குறிப்பிட்ட மணிக்கான பதிவு உள்ள டி.வி.ஆரை (சி.சி.டி.வி. பதிவுப் பெட்டியை) பாதுகாத்து வைத்துக் கோர்ட்டில் ஒப்படைக்கச் சொல்லி இன்னொரு மனு. பொத்தாம் பொதுவாக 'எல்லா ஆதாரமும் வேண்டும்' என்று எழுதினால் அலசிப் பார்க்கும் முயற்சி என்று தள்ளிவிடுவார்கள். குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் எதிரி தரப்பு ஆவணத்தை வரவழைக்க முடியாது என்று 2004இன் தேபேந்திரநாத் பாதி தீர்ப்பை அரசு தரப்பு நீட்டும். அது பொது விதி. அதற்கு விலக்காக, போலீஸ் ஒதுக்கிவைத்தது மறுக்க முடியாத தரம் உள்ளதாக இருந்தால் அந்தக் கட்டத்திலும் கோர்ட் அழைக்கலாம் என்று 2017 டிசம்பரில் நித்ய தர்மானந்தா வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மனு அந்த விலக்குக்குள் விழுமா என்பது நீதிபதியின் பார்வையைப் பொறுத்தது. உறுதி சொல்ல முடியாது. இப்போது வரவழைக்க மறுத்தாலும் பாதுகாத்து வைக்கவாவது உத்தரவு கேளுங்கள், ஏனென்றால் பிற்பாடு 266ஆவது பிரிவில் எதிரி தரப்புச் சாட்சியத்தின்போது அதே பெட்டியை மறுபடி கேட்கலாம்.

போலீஸ் உண்மையிலேயே பெட்டியை எடுத்ததா என்பதற்கு ஆதாரம் தேடுங்கள். கைப்பற்றுதல் மகஜர் எழுதியிருக்க வேண்டும், படிவம் 95இல் கோர்ட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். புதிய சட்டத்தின் 105ஆவது பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒளி-ஒலிப் பதிவு செய்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பதிவையும் கேளுங்கள். கடைக்காரரிடம் ரசீது ஏதாவது கொடுத்தார்களா, பெட்டி திரும்ப வந்ததா என்று விசாரியுங்கள். நீங்களோ தம்பியோ நேரில் போக வேண்டாம். வக்கீல் போகட்டும், அல்லது எழுத்தில் கேட்கட்டும். சாட்சியை மிரட்டியதாகப் புகார் வந்தால் ஜாமீனே ஆடிவிடும். பெட்டி கடையிலேயே இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்: பழைய பதிவின் மேல் புதியது எழுதிக்கொண்டே போகும்.

வீடியோ கோர்ட்டுக்கு வந்துவிட்டால் நகல் கேட்கலாம். மெமரி கார்டில் இருப்பதும் ஆவணம்தான், அரசு தரப்பு அதைச் சார்ந்திருந்தால் எதிரிக்குக் குளோன் நகல், அதாவது அச்சு அசலான பிரதி, தர வேண்டும் என்று 2019 நவம்பரில், நடிகர் திலீப் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அந்தரங்கம் இருந்ததால் நகல் தராமல் பார்வையிட மட்டும் அனுமதித்தார்கள். தெருச்சண்டை வீடியோவுக்கு அந்தத் தடை பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாரதிய சாக்‌ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு மின்னணுப் பதிவுக்குக் கேட்கும் சான்றிதழும், அதில் குறிக்க வேண்டிய ஹாஷ் எண்ணும் (பதிவு மாறினால் தானும் மாறிவிடும், கைரேகை மாதிரியான எண்) இருக்கிறதா என்று பாருங்கள். ஹாஷ் பொருந்தவில்லை என்றால் பதிவில் கை வைத்திருக்கிறார்கள் என்று வாதாட இடம் உண்டு.

இவ்வளவையும் செய்யும் முன் ஒன்று. தம்பியைத் தனியாக உட்காரவைத்து, அந்த வீடியோவில் என்ன இருக்கும் என்று வக்கீல் கேட்கட்டும். 'நான் அந்தத் தெருவிலேயே இல்லை' என்றால் துணிந்து கேட்கலாம். 'நானும் இருந்தேன், ஆனால் தள்ளிவிட்டதோடு சரி' என்றால் யோசிக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்டு வாங்கிய பதிவே உங்களுக்கு எதிராக நிற்கும். சில வழக்குகளில் வராத வீடியோவே நல்லது. 2015இல் தொமாசோ புரூனோ வழக்கில் நடந்தது அதுதான். வாராணசி ஓட்டல் ஒன்றில் நடந்த மரணம், சி.சி.டி.வி. பதிவைப் பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை என்று விசாரணை அதிகாரி சொன்னார், ஆனால் பதிவைக் கோர்ட்டில் காட்டவில்லை. இருந்த நல்ல ஆதாரத்தை மறைத்தால் அது மறைத்தவருக்கு எதிராகவே இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம் என்ற விதியைப் பயன்படுத்தி, மற்றக் குறைகளையும் சேர்த்துப் பார்த்து, உச்ச நீதிமன்றம் இரண்டு இத்தாலியர்களை விடுவித்தது. உங்கள் வழக்கிலும் விசாரணை அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது பெட்டியை எடுத்தீர்களா, எங்கே என்று கேட்க அந்த வழி திறந்தே இருக்கிறது. ஆனால் கோர்ட் அப்படி ஊகித்தே ஆக வேண்டும் என்று இல்லை. 'ஊகிக்கலாம்' என்றுதான் சட்டம்.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், மனு கொடுத்தால் இலவச வக்கீல் தருவார்கள். ஏற்கெனவே வக்கீல் இருந்தால் இன்றே அவரிடம் நகல் கொடுத்த தேதியைக் கேட்டு வாங்குங்கள், 60 நாளில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.